அண்ணாவின் கேணல்

மெல்பேர்னில் அண்ணா வீட்டு ஹோலில், தொலைக்காட்சிக்கு நேரெதிரே, ஒரு தாடிக்காரர் தொங்குகிறார். இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டு, இடுப்பில் வாள், மார்புக்குள் செருகிய கை. அண்ணா அந்தப் பழைய படத்தை இணையத்தில் கண்டுபிடித்து, பெருப்பித்து, பொன்னிறச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார முன் அதைப் பார்த்து, இது யாரென்று கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குத் தேநீர் வரத் தாமதமாகும்.

அந்தத் தாடிக்காரர் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன மாநிலத்தில் சட்டசபை உறுப்பினராக இருந்தவர். அந்த நாட்டின் உள்நாட்டுப் போரில் கேணல், ஒரு படைப்பிரிவின் தலைவர். அவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பெயர் ஒன்று. முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்றும் அப்படியே எங்கள் பூட்டனுக்கு இருந்தன. கடைசிப்பெயர் இன்றைக்கும் அண்ணாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் விடுதிப் பள்ளிக்கூடங்கள் நடத்திய காலத்து வழக்கம் அது. கடலுக்கு அப்பால் யாராவது ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் பொறுப்பெடுத்தால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்கிற பெயரை வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் தங்கள் பெயரையே சொல்வார்கள். இல்லாவிட்டால் செத்துப்போன ஒருவரின் பெயரை. அப்படித்தான் பனங்கூடலுக்குள் பிறந்த பிள்ளைகள் வெள்ளைக்காரப் பெயர்களோடு வளர்ந்து, அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பெயர் வந்த வழியை எல்லோரும் மறந்துபோனார்கள். பெயரை மட்டும் ஒருவரும் விடவில்லை.

அண்ணா ஓய்வுபெற்ற சிவில் எஞ்சினியர். வேலையில் இருந்தபோது ஒரு கணக்கை மூன்று தரம் சரிபார்க்கிறவர். ஓய்வுபெற்றதும் அந்தப் பழக்கத்தையும் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். படத்தை மாட்டிய முதல் மாதம், "எங்களுக்குப் பேர் தந்த மனுசன்" என்றார். இரண்டு மூன்று மாதத்தில் அது "எங்கட பூட்டனைப் படிப்பிச்ச மனுசன்" ஆகியது. அந்த வருடம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், நான் சிட்னியிலிருந்து போனபோது, "இவர்தான் எங்கட மூத்தவர்" என்று பக்கத்து வீட்டு மலையாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மலையாளி மரியாதைக்கு, மூக்கு அப்படியே இருக்கிறது என்றார். அண்ணி மட்டும் குசினிக்குள் இருந்தபடி, "அந்தாளின்ர முகமே தாடிக்குள்ளை போட்டுது, பிறகு எங்கை மூக்கு" என்றா. அண்ணாவுக்கு அது கேட்கவில்லை. அவருக்கு வேண்டாதது ஒன்றும் அவர் காதில் விழுவதில்லை.

அந்த நத்தாரில்தான் புத்தகத் திட்டம் வந்தது. அடுத்த வருடம் தன்னுடைய எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்ப மலர் ஒன்று போட வேண்டும். முதலில் கேணலின் வாழ்க்கை, பிறகு வம்ச மரம், கடைசியில் தன்னுடைய வாழ்க்கை. கேணலை நான் எழுத வேண்டும். நான் சிட்னியின் கிரவீனில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் செய்து பிழைக்கிறவள்.

"நீதானே பிள்ளை எழுதுறனி," என்றார். "நல்ல தமிழிலை எழுது. கொஞ்சம் கனமா இருக்கட்டும்."

மலர் வருகிறதென்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்கள் கடைசிப்பெயர் உள்ளவர்கள் படமும் விபரமும் அனுப்பலாம் என்று அண்ணா பெருந்தன்மையோடு அறிவித்திருந்தார். இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் இருந்து ஒருவர். குரல் எங்கோ கேட்ட குரல்.

"அக்கா, என்னை உங்களுக்கு ஞாபகம் இராது. வில்லாவுட்டிலை எனக்காக இங்கிலிசிலை கதைச்சனீங்கள்."

ஞாபகம் இருந்தது. படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த எங்கள் ஆட்கள் சிலருக்கு நான் உரைபெயர்த்திருக்கிறேன். ஒருநாள் அதிகாரி வாசித்த பெயரில் எங்கள் கடைசிப்பெயர் வந்தது. ஊரும் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கல்யாணத்தில் என் பெயர் மாறிவிட்டபடியால் அந்த அறையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இவரை உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். முன்பின் கண்டதில்லை என்றேன். அது உண்மை. ஆனால் உண்மைக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் பழகினேன்.

இப்போது அவர் ஸ்பிரிங்வேலில் மரக்கறி பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறார். மனைவி, பத்து வயது மகள். வீசா இன்னும் தற்காலிகம்தான். தன்னிடம் ஒரு பழைய பைபிளின் முதல் பக்கத்தின் படம் இருக்கிறதென்றும், அதில் பூட்டனின் பெயருக்குக் கீழே உங்கள் வழி ஆளும் எங்கள் வழி ஆளும் அண்ணன் தம்பியாக இருக்கிறார்களென்றும் சொன்னார். பைபிள் சண்டையில் போய்விட்டது. அதற்கு முன் அவருடைய சித்தப்பா கைப்பேசியில் எடுத்து வைத்த படம் மட்டும் மின்னஞ்சலில் தப்பியிருக்கிறது.

"எங்களை மரத்திலை ஒரு ஓரத்திலை போட்டாலும் காணும் அக்கா. வீசாவுக்கு இது ஒண்டும் உதவாது, எனக்குத் தெரியும். பிள்ளைக்குத்தான். பள்ளிக்கூடத்திலை இந்த வருசம் முடியிறதுக்குள்ளை குடும்ப மரம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம். படமோ எழுத்திலை ஏதாவதோ ஒட்ட வேணுமாம். அவள் என்னையும் தாயையும் ஒட்டிப்போட்டு, மிச்சக் கடதாசியைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

"உங்கட பேர் வரும்," என்றேன். "நான்தானே எழுதுறன்."

அவர் நன்றி சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

பிறகு நான் கேணலோடு உட்கார்ந்தேன். அண்ணா அனுப்பிய கடதாசிக் கட்டில் பெரும்பகுதி, அந்த மாவட்டத்துப் பெரிய மனிதர்களைப் பற்றி அந்தக் காலத்தில் அச்சடித்த ஒரு தடித்த புத்தகத்தின் பிரதி. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்ததைப் போட்ட புத்தகம் அது என்பது இரண்டு பக்கத்திலேயே விளங்கிவிடும். எங்கள் ஆட்களின் மணிவிழா மலர்களைப் பத்து வருடமாகத் திருத்திக் கொடுத்தவளுக்கு அந்த வாடை தெரியாதா? அதோடு அவருடைய படைப்பிரிவின் வரலாறு ஒன்றும், ஒரு மரண அறிவித்தலும் இருந்தன.

மனிதர் கல்லும் கரடுமான நிலம் வைத்திருந்த ஒரு விவசாயியின் மூன்றாவது மகன். நிலத்தில் இறங்க விருப்பமில்லை. ஒரு பனிக்காலம் மட்டும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், பையன்கள் அடங்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் சட்டம் படித்தார். படித்து முடித்துத் தனியாகக் கந்தோர் திறந்தபோது வழக்குகள் வரவில்லை. ஆனபடியால் உள்ளூர்ப் படையில் சேர்ந்தார். அது போருக்குப் போகிற படையல்ல. வருடத்தில் சில நாள் ஊர்ப் புல்வெளியில் அணிவகுத்துவிட்டு, அப்பிள் மது குடித்துவிட்டு வீடு திரும்புகிற படை. சீருடை உண்டு. வழக்கறிஞரைத் தெரியாத ஊர், சீருடைக்காரரைத் தெரிந்துகொண்டது. அடுத்த தேர்தலில் அவர் மாநிலச் சட்டசபைக்குப் போனார்.

சட்டசபையில் அவர் மூன்று கட்சிகளில் இருந்திருக்கிறார். முதலாவது கட்சி சாகக் கிடந்தபோது இரண்டாவதுக்குத் தாவினார். இரண்டாவது ஆட்டம் காண, மூன்றாவதுக்கு. ஒவ்வொரு தரமும் மனச்சாட்சியின் குரல் கேட்டதாம். அந்த மனச்சாட்சி தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பாக மட்டும் கண்விழிக்கிற மனச்சாட்சி. அடிமை முறை பாவம் என்று ஒரு நீண்ட உரை ஆற்றினார். அதே கூட்டத்தொடரில், விடுதலையான கறுப்பு மக்கள் அந்த மாநிலத்தில் வந்து குடியேறுவது யாருக்கும் நல்லதல்ல என்று இன்னொரு நீண்ட உரை ஆற்றினார். இரண்டையும் அந்தப் புத்தகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகழ்கிறது. அவர் பெயரில் நிறைவேறிய சட்டம் ஒன்றே ஒன்று. வீதியில் திரியும் நாய்களைப் பதிவு செய்வது பற்றியது.

போர் வந்தது. அப்போது ஆளுநர் அவருடைய மூன்றாவது கட்சிக்காரர். அவருக்கு நாலு கடிதம் எழுதிக் கேணல் பதவி வாங்கினார். போரில் கிடந்த எங்கள் ஊரில் கேணல் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த மாநிலத்தில் அதைக் கடிதம் போட்டு எடுக்கலாம் போலிருக்கிறது. ஊர்ப் பையன்கள் பலநூறு பேரைக் கூட்டிக்கொண்டு தெற்கே போனார். அவர்களுக்குக் கொடுத்த வேலை ஓர் ஆற்றின் மேலிருந்த ரயில் பாலத்தைக் காப்பது. எதிரி அந்தப் பாலத்தை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எதிரிக்கு அந்த ரயில் பாதையால் ஒரு பயனும் இருக்கவில்லை.

ஆனாலும் அந்த முகாமில் பையன்கள் செத்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வரிசையாகச் செத்தார்கள். படைப்பிரிவின் வரலாற்றில், படை மருத்துவர் எழுதிய கடிதம் ஒன்றின் சாரம் இருக்கிறது. மலக்குழிகள் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும், கூடாரங்களையும் நகர்த்த வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். கேணல் மறுத்துவிட்டார். கூடாரங்களை நகர்த்தினால் வரிசை கெட்டுவிடுமாம். மேலதிகாரி பார்வையிட வரும் நேரமாம். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். வரிசைக்காகச் செத்திருக்கிறார்கள்.

பார்வையிடும் நாளுக்கு ஒத்திகை பார்த்தபோது குதிரை மிரண்டு கேணலைக் கீழே போட்டது. இடுப்பெலும்பில் அடி. படைக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு மாநிலத்தின் மேற்சபைக்கு இரண்டு தரம் தெரிவானார். ஒவ்வொரு வருடமும் ஊர்ச் சேமக்காலையில் அந்தப் பையன்களின் கல்லறைகளுக்குப் பொல்லூன்றிப் போய், "என் கட்டளையின் கீழ் வீழ்ந்த என் பிள்ளைகள்" என்று அழுவாராம். கட்டளையின் கீழ் என்பது சரிதான். அந்த ஒரு விஷயத்தில் மனிதர் பொய் சொல்லவில்லை.

இந்த ஆளை நான் எப்படி எழுதுவது? நேராக எழுதினால் அண்ணா தூக்கி எறிவார். அப்போதுதான் எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல் பழிப்பது. எட்டாம் வகுப்பில் எல்லோரும் படித்த அணிதானே, வாசிக்கிறவர்களுக்கு விளங்காமலா போகும் என்று நினைத்தேன். "எதிரி நாடாத பாலத்தை எதிரி நாடாதவண்ணம் காத்தார்" என்று எழுதினேன். "உயிர்கள் சரிந்தபோதும் கூடாரங்களின் வரிசை இம்மியும் சரியவில்லை" என்று எழுதினேன். "மூன்று கட்சிகளுக்கும் ஒரே விசுவாசத்தோடு உழைத்தார்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நாற்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் திறமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

கேணலுக்குப் பிறகு இன்னொரு அத்தியாயம் எழுதினேன். அதை வஞ்சமில்லாமல் எழுதினேன். ஸ்பிரிங்வேல்காரர் அனுப்பிய பைபிள் பக்கத்தில் மேலே பாதிரியாரின் ஆங்கிலக் கையெழுத்து இருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் கோயில் வளவுக்குள் கண்டெடுத்த ஆண்பிள்ளை. வயது ஆறு இருக்கலாம். தாய் தகப்பன் இல்லை. பெயர் தெரியாது, பிள்ளை பேசவில்லை. அமெரிக்காவில் இன்ன ஊர்த் தேவாலயத்துப் பெண்களின் தையல் சங்கம் பொறுப்பெடுத்திருக்கிறது. அவர்கள் கேட்டபடி, காலமான அவர்களுடைய குருவானவரின் பெயர் இடப்பட்டது. அதன் கீழே தமிழில், வேறு வேறு கையெழுத்துகளில், அந்தப் பிள்ளையின் இரண்டு ஆண்மக்களும் அவர்களுடைய பிள்ளைகளும். மூத்தவர் வழி நாங்கள். இளையவர் வழி அவர்.

ஆக, எங்களுக்குப் பெயர் தந்தவர் கேணல் இல்லை. நாட்களை ஒத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது கேணலுக்கு நாலு வயது. அவரும் அதே ஊரில் பிறந்தவர். அந்தக் குருவானவர் மீதிருந்த பக்தியில் அந்த ஊரில் எத்தனையோ தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். கேணலும் எங்கள் பூட்டனும் ஒரே பெயர் வைக்கப்பட்ட இரண்டு குழந்தைகள், அவ்வளவுதான். எங்கள் பூட்டனுக்குச் சோறு போட்டது ஊசியும் நூலும் பிடித்த, பெயர் எழுதாத பெண்கள்.

எல்லாவற்றையும் எழுதி, பைபிள் பக்கத்தையும் சேர்த்து, மரத்தில் இளையவர் வழியையும் வரைந்து அண்ணாவுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலை அவர் தொலைபேசி எடுத்தார்.

"கேணல் திறம்," என்றார். "நான் அழுதுபோட்டன் பிள்ளை. அந்தக் கூடார வரிசை எழுதினியே, அது ஒழுக்கம். இந்தக் காலத்திலை ஆருக்கு இருக்கு."

அது புகழ்ச்சியல்ல என்று நான் திருத்தவில்லை.

"மற்றதை எடுத்துப் போட்டன்," என்றார்.

"எதை?"

"அந்தக் கண்டெடுத்த பிள்ளைக் கதையை. நாங்கள் என்ன, கோயில் வளவுக்குள்ளை கிடந்த பிள்ளையின்ர வழியோ? தாய் தகப்பன் ஆரெண்டு தெரியாது, என்ன ஆக்கள் எண்டு தெரியாது. நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?"

அவருடைய மூத்த பேரன் ஒரு கிரேக்கப் பெட்டையோடு இரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறான். அந்தப் பெட்டையின் வீட்டார் கோயில் வளவைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்களாக்கும்.

"அண்ணா, கேணலுக்கு அப்ப நாலு வயசு. நீங்கள் ஒரு எஞ்சினியர். கூட்டிக் கழிச்சுப் பாருங்கோ."

"ஆர் உதையெல்லாம் பாக்கப் போகினம்?"

"ஸ்பிரிங்வேல் ஆளுக்குப் பேர் வரும் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

"அவையள் வேற பக்கம். படகிலை வந்ததுகள் எல்லாம் சொந்தம் கொண்டாடினால் நாங்கள் என்ன செய்யிறது. அந்தாளை விழாவுக்குக் கூப்பிடு, வந்து சாப்பிடட்டும். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

அப்படியென்றால் கேணலையும் எடுத்துவிடுங்கள், என் எழுத்து ஒரு வரியும் வேண்டாம் என்றேன். அண்ணா மெதுவாக, "உன்ர விருப்பம். ஆனா அவ்வளவு நல்லா எழுதின ஒண்டைக் குப்பையிலை போடப் போறியோ?" என்றார்.

என் அண்ணாவுக்கு என்னைத் தெரியும். நான் குப்பையில் போடவில்லை. அந்த வஞ்சப்புகழ்ச்சி அச்சில் வருவதைப் பார்க்க எனக்கு ஆசை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், வாசித்துவிட்டுக் கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்ற ஆசை. அதற்காக அந்தப் பெயர் தெரியாத பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். ஸ்பிரிங்வேல்காரரையும் அவருடைய மகளின் வெறுங் கடதாசியையும் விட்டுக்கொடுத்தேன். அவருக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொல்லவும் இல்லை. விழாவுக்கு வாருங்கள் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். வெட்கத்தை எல்லாம் சேர்த்து ஒரு வரிக்குள் அடக்க முடியும் என்பது எனக்கு அன்று தெரிந்தது.

விழா ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். மேடையில் கேணலின் படம், பூமாலையோடு. அதன் கீழே அண்ணா, கோட்டும் சூட்டுமாக. அவரும் கையை மார்புக்குள் செருகாததுதான் குறை. ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர் ஒருவர் மலரை வெளியிட்டு, நான் எழுதியதிலிருந்து சில பந்திகளை வாசித்தார். நல்ல குரல். "எதிரி நாடாத பாலத்தை எதிரி நாடாதவண்ணம் காத்தார்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். சனம் கைதட்டியது. "உயிர்கள் சரிந்தபோதும் கூடாரங்களின் வரிசை இம்மியும் சரியவில்லை" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஓர் அன்ரி கண்ணைத் துடைத்தா. நான் முகம் முகமாகப் பார்த்தேன். ஒருவரும் கண்ணைச் சிமிட்டவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் என் காதுக்குள், இப்படியான வீரர்களைப் பற்றி எங்கள் இளம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன்.

மேடையிலிருந்து இறங்கும்போதுதான் அவரைக் கண்டேன். கடைசி மேசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு, மகளைப் பக்கத்துக் கதிரையில் வைத்துக்கொண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். மரம் வரைந்த பக்கம் வந்ததும் விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். பிறகு கீழிருந்து மேலே வந்தார். மகள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். கொஞ்சம் கழித்து அண்ணா அந்த மேசைக்குப் போய், சமையல்காரரைக் கவனிப்பதுபோல் அவருடைய தோளில் தட்டி, "வந்தது சந்தோசம் தம்பி, வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். நான் பொன்னாடையோடு பின்வாசலால் போய், வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். சனம் கலையும்வரை உள்ளே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மெல்பேர்னில் எனக்கு வேலை வந்தது. வெட்டுப்பட்ட அத்தியாயத்தையும் பைபிள் பக்கத்தையும் நல்ல தாளில் அச்செடுத்துக்கொண்டு ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தத் தாள்களைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், அவளுடைய மரத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லப்போவதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. அவர் வேலை உடுப்போடு நின்றார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று வேலைக்குப் போய்விட்டா. நான் தாள்களைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். கோயில் வளவு வந்த இடத்தில் திரும்ப ஒருதரம் வாசித்தது தெரிந்தது.

"நல்லா எழுதியிருக்கிறியள் அக்கா," என்றார். "இதுதான் எங்கட ஆள்."

"பிள்ளையிட்டைக் குடுங்கோ. மரத்திலை ஒட்டட்டும். பேரப்பிள்ளையளுக்கெண்டு அண்ணா இதை வெட்ட விட்டது நான் செய்த பெரிய பிழை."

அவர் தாள்களை மடித்தார். "மரம் முடிஞ்சுது அக்கா."

சுவரில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், பெரிய மட்டையில் ஒட்டியிருந்தது. கீழே மகள், அதற்கு மேலே அவரும் மனைவியும். நடுவில் கோடுகள் மட்டும் நீளமாகப் போயின. எல்லாவற்றுக்கும் மேலே, மலரிலிருந்து வெட்டியெடுத்த தாடிக்காரர், வாளோடு நின்றார். சீருடைக்காரரிடமிருந்து தப்பிக் கடலில் இறங்கிய மனிதரின் வீட்டுச் சுவரில்.

"இவர்தானோ எங்கட ஆள் எண்டு கேட்டாள். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

அவர் மகள் இருந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை அவளுக்கு ஏற்கெனவே படகிலை வந்தவன்ர பிள்ளை எண்டுதான் பேர். வகுப்பிலை ஒருத்தன் அப்பிடிச் சொன்னவனாம். இப்ப நான் போய், மேலை இருக்கிறவரும் தாய் தகப்பன் இல்லாமல், பேர் இல்லாமல் கிடந்து எடுத்தவர் எண்டு சொல்லவோ? ஐயா வெட்டினது சரிதான் அக்கா. அவர் தன்ர பேரப்பிள்ளையளுக்காக வெட்டினார். நானும் என்ர பிள்ளைக்காகத்தான்."

அண்ணாவை நான் என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறேன். அதே சொற்களை இவர் முன்னால் எடுக்க எனக்கு உரிமை இல்லை. கேணலைப் பொய்யென்று தெரிந்தே அழகாக்கி, அச்சுக்கு அனுப்பி, பொன்னாடை வாங்கியவள் நான்.

தாள்களை அவர் என் கையில் திருப்பித் தந்தார். "இதை நீங்களே வைச்சிருங்கோ. எங்கையாவது இருக்கத்தான் வேணும்."

மகள் வெளியே வந்தாள். புத்தகம் எழுதிய அன்ரி நான்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமென்றேன். ஆசிரியைக்கு அந்தப் படம் நன்றாகப் பிடித்ததாம். வகுப்பில் வேறு ஒருவருக்கும் கேணல் இல்லையாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் வீட்டு மொழியிலும் எழுத வேண்டுமாம், அவளுக்குத் தமிழ் எழுத வராதாம். தடித்த கறுப்புப் பேனை ஒன்றை நீட்டினாள்.

தகப்பன் என்னைப் பார்த்தார்.

மட்டையை மேசையில் வைத்து, தாடிக்காரருக்குக் கீழே, அவள் கேட்டபடி "எங்கள் மூதாதை" என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து வடிவாக இருக்கிறது என்றாள்.